ஓய்வுக்கால நிதி ஆலோசகரின் தகுதியைச் சரிபார்ப்பது எப்படி? அறிந்துகொள்ள வேண்டியவை

புது டெல்லி: பணி ஓய்வின்போது வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்பு ஊதியம் ஆகியவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் கைக்கு வருகின்றன. பல்லாண்டு உழைப்பின் பலனான இத்தொகையைத் தவறான முதலீட்டில் இழந்தால், அதனை மீண்டும் ஈட்டுவதற்கான காலம் பெரும்பாலோருக்கு வாய்ப்பதில்லை. ஆகவே, ஆலோசனை கூறுபவர் எந்த அமைப்பில் பதிவு பெற்றவர் என்பதை முதலில் அறிவது அவசியம்.

செபி பதிவு பெற்ற ஆலோசகர்

கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை வழங்குவோர், செபியின் 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறைகளின்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர்களது பதிவு எண் 'ஐஎன்ஏ' என்ற எழுத்துகளுடன் தொடங்கும்.

முன்பு முதுநிலைப் பட்டமோ அதற்கு இணையான தொழில்முறைத் தகுதியோ, அத்துடன் 5 ஆண்டு அனுபவமும் கோரப்பட்டன. 2024 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தில், பட்டப்படிப்பு போதும் எனத் தளர்த்தப்பட்டதுடன் அனுபவ நிபந்தனையும் நீக்கப்பட்டது. எனினும், என்ஐஎஸ்எம் நிறுவனம் நடத்தும் 10-ஏ, 10-பி தேர்வுகளில் தேர்ச்சி பெறுவது தொடர்ந்து கட்டாயமாக உள்ளது. அனுபவம் இப்போது சட்டப்படியான நிபந்தனையாக இல்லாததால், எத்தனை ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறார் என்பதை வாடிக்கையாளரே கேட்டறிவது நல்லது.

ஓய்வூதிய ஆலோசகர்

தேசிய ஓய்வூதியத் திட்டத்தைக் கண்காணிக்கும் ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், 2016இல் 'ஓய்வூதிய ஆலோசகர்' என்ற தனிப் பிரிவுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. இதற்கென என்ஐஎஸ்எம் தனித் தேர்வு ஒன்றையும் நடத்துகிறது. அந்த ஆணையத்தின் கீழ் வரும் ஓய்வூதியத் திட்டங்கள் தொடர்பான ஆலோசனையே இப்பதிவின் மையமாகும். பங்குகள் குறித்த ஆலோசனைக்கு அது செபி பதிவுக்கு மாற்றாகாது.

விநியோகஸ்தரும் முகவரும்

பரஸ்பர நிதித் திட்டங்களை விற்போர், என்ஐஎஸ்எம் 5-ஏ தேர்வில் தேர்ச்சி பெற்று, ஆம்ஃபி அமைப்பிடமிருந்து 'ஏஆர்என்' எண் பெற்றவர்கள். காப்பீட்டு முகவர்கள், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவர்கள். இவ்விரு தரப்பினரும் சட்டப்படியே தொழில் செய்கின்றனர். ஆயினும், அவர்களின் வருவாய் விற்கும் திட்டத்தின் கமிஷனிலிருந்து வருகிறது. செபி பதிவின்றி விநியோகத்தில் ஈடுபடுவோர், தங்களைச் 'சுயேச்சை நிதி ஆலோசகர்' என்றோ 'செல்வ ஆலோசகர்' என்றோ அழைத்துக்கொள்வதற்கு அனுமதி இல்லை.

இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. உதாரணமாக, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் ரூ.30 லட்சம் வரை முதலீடு செய்யலாம். ஆனால், இத்திட்டத்துக்கான முகவர் கமிஷன் 2011 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கமிஷனை நம்பி இருப்பவருக்கு இதனைப் பரிந்துரைப்பதால் வருவாய் ஏதும் இல்லை.

சிஎஃப்பி சான்றிதழ்

எஃப்பிஎஸ்பி அமைப்பு வழங்கும் சிஎஃப்பி, உலக அளவில் மதிக்கப்படும் நிதித் திட்டமிடல் சான்றிதழ். முதலீடு, வரி, ஓய்வுக்காலம், காப்பீடு, சொத்துரிமை மாற்றம் ஆகியவை அதன் பாடத்திட்டத்தில் அடங்கும். ஆனால், அது கல்வித் தகுதி மட்டுமே. கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை வழங்க, சிஎஃப்பி பெற்றவரும் செபியில் பதிவு செய்ய வேண்டும்.

கட்டண வரம்பு

தனிநபர் வாடிக்கையாளரிடம் செபி ஆலோசகர் நிலையான கட்டணமாக ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ.1,51,000 அல்லது ஆலோசனைக்குட்பட்ட சொத்து மதிப்பில் 2.5 சதவீதம் வரை பெறலாம். ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனை வழங்கிவிட்டு, அவரிடமே கமிஷன் பெறும் திட்டங்களை விற்கக் கூடாது. கட்டணத்தை ரொக்கமாகப் பெறுவதற்கும் அனுமதி இல்லை.

கவனிக்க வேண்டியவை

* பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்று, செபி இணையதளத்தில் உள்ள பட்டியலில் பெயருடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விசிட்டிங் கார்டில் அச்சிடப்பட்ட எண் மட்டும் சான்றாகாது.
* ஆலோசனை தொடங்கும் முன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.
* வருவாய் கட்டணமா, கமிஷனா என்று நேரடியாகக் கேட்க வேண்டும்.
* உறுதியான லாபம் தருவதாகக் கூறுபவரைத் தவிர்க்க வேண்டும். சந்தை சார்ந்த முதலீட்டில் அத்தகைய உத்தரவாதம் அளிக்கச் செபி ஆலோசகருக்கு அனுமதி இல்லை.
* பணத்தை ஆலோசகரின் சொந்தக் கணக்குக்கு முதலீட்டுத் தொகையாக அனுப்பக் கூடாது. அது திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கே நேரடியாகச் செல்ல வேண்டும்.

செபியில் பதிவு பெற்றவர் மீதான புகார்களை 'ஸ்கோர்ஸ்' இணையதளத்தில் பதிவு செய்யலாம். அவற்றுக்கு 21 நாள்களுக்குள் தீர்வு காண வேண்டும் என்பது விதி. பதிவு பெறாத ஒருவரிடம் பணத்தை இழந்தவருக்கு இந்த வழி எளிதில் கைகொடுப்பதில்லை. காவல் துறையையும் நீதிமன்றத்தையுமே அவர் நாட வேண்டியிருக்கும்.