நபிமொழித் தரப்பகுப்பில் ஐயத்தின் படிநிலைகள்

நபிகள் நாயகத்தின் சொல், செயல், அங்கீகாரம் ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்பு ஹதீஸ் எனப்படும். அஃது இரு கூறுகளை உடையது. யார் யாரிடம் கேட்டார் என நிரல்படக் கூறும் அறிவிப்பாளர் தொடர் (இஸ்னாத்) ஒன்று. அத்தொடர் சுமந்துவரும் மூலவாசகம் (மத்ன்) மற்றொன்று. சமுதாயத்தில் உட்பூசல் தோன்றிய பின்னரே அறிவிப்பாளரின் பெயர் வினவப்படலாயிற்று என்னும் கூற்று பஸராவின் இப்னு ஸீரீன் (இ. 729) பெயரால் பதிவாகியுள்ளது.

திமிஷ்கில் ஹதீஸ் பயிற்றுவித்த இப்னுஸ் ஸலாஹ் (இ. 1245), இக்கலையை 65 வகைகளாக விரித்துரைத்தார். தொடர் அறுபடாமை, அறிவிப்பாளரின் நேர்மை, நினைவுத் துல்லியம், வலுவான அறிவிப்புகளோடு முரணாமை, மறைகுறையின்மை ஆகிய ஐந்தும் அமைந்ததே ‘ஸஹீஹ்’. நினைவுத் துல்லியம் சற்றே குறைந்தது ‘ஹஸன்’, இச்சொல்லைப் பரவலாக வழங்கச் செய்தவர் திர்மிதீ (இ. 892). இவ்விரண்டின் தகுதியையும் எட்டாதது ‘ளயீஃப்’, அதாவது பலவீனமானது.

இப்பகுப்பில் நேர்மையும் நினைவாற்றலும் தனித்தனியே எடைபோடப்பட்டமை கருதத்தக்கது. கூஃபாவின் அதாஉ இப்னுஸ் ஸாயிப் நேர்மையில் குறை கூறப்படாதவர். எனினும் முதுமையில் நினைவு தடுமாறினார். எனவே ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ போன்றோர் முன்னரே அவரிடம் கேட்டவை ஏற்கப்பட்டன. பின்னர்க் கேட்டோரின் அறிவிப்புகள் ஐயத்திற்குரியவாயின. ஒருவரே ஒரு காலத்தில் சான்றாகவும் மற்றொரு காலத்தில் சான்றாகாமலும் நிற்கிறார்.

பலவீனமானது வேறு, புனையப்பட்டது (மவ்ளூஃ) வேறு. பக்தாதின் இப்னுல் ஜவ்ஸீ (இ. 1201) புனைவுகளைத் தொகுத்தபோது, வெறும் பலவீனமானவற்றையும் அவற்றோடு சேர்த்துவிட்டார் எனப் பின்வந்தோர் மறுத்தனர். ஸுயூத்தீ (இ. 1505) அத்தொகுப்பை மீளாய்வு செய்து தனிநூலே இயற்றினார். பொய்யை ஏற்பது பிழையாதல் போலவே, உண்மையாக இருக்கக்கூடியதைப் பொய்யெனத் தள்ளுவதும் பிழை என்பதே இவ்விவாதத்தின் உட்கிடை.

பலவீனமானவற்றைப் பயன்கொள்வதற்கும் வரம்பு வகுக்கப்பட்டது. நற்செயல்களின் சிறப்புரைக்கும் இடத்தில் அவற்றை ஆள்வதற்கு இப்னு ஹஜர் (இ. 1449) மூன்று நிபந்தனைகளை விதித்தார்: பலவீனம் கடுமையாக இருத்தலாகாது, நிலைபெற்ற பொதுவிதி ஒன்றனுள் அடங்க வேண்டும், நபியின் கூற்றே என உறுதியாக நம்புதலும் கூடாது.

‘ஸஹீஹ்’ என்னும் தீர்ப்பு ஐயமற்ற உறுதியைக் குறிப்பதன்று. ‘ளயீஃப்’ என்பது பொய்யென்னும் முடிவுமன்று. நிபந்தனைகள் நிறைவுற்றனவா என்பதையே இரண்டும் உரைக்கின்றன என்பது இப்னுஸ் ஸலாஹின் விளக்கம். ஆகவே இத்தரப்பெயர்களைச் சான்றின் அளவைக் காட்டும் குறியீடுகளாகக் கொள்வதே பொருந்தும்.