தலையை ஆட்டாத குதிரை

சென்னைக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பள்ளிக்கு ஆறு வாரம் போனேன். எனக்குக் கொடுத்தது பழுப்பு நிறத்தில் ஒரு வயசான பெண்குதிரை. “இது ரொம்ப சாது சார், சின்னப் புள்ளைங்ககூட ஏறும், பயப்படாதீங்க” என்றார் பயிற்சியாளர். உண்மைதான். நில் என்றால் நிற்கும், நட என்றால் நடக்கும். கண்ணோரம் ஈ மொய்த்தால்கூடத் தலையை ஆட்டாது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஆட்டாத தலை என்னை விடவில்லை. அது என்னை நம்புகிறதா, இல்லை “போதும்டா சாமி” என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்.

இந்தக் கேள்வியோடு படிக்கப் போய்தான் ஜான் சாலமன் ரேரியிடம் மாட்டிக்கொண்டேன்.

1827இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், க்ரோவ்போர்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்தக் காலத்தில் முரட்டுக் குதிரையைப் பழக்குவது என்றால் பெரும்பாலும் அடி, பட்டினி, முள் கடிவாளம். ரேரி சாட்டை இல்லாமல் பழக்கினார். 1858இல் லண்டனில் அவர்தான் பேச்சு. விக்டோரியா அரசி முன்னால் வித்தை காட்டினார். தலைக்குப் பத்து கினி வாங்கிக்கொண்டு, ரகசியத்தை வெளியே சொல்லமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பிரபுக்களுக்கு வகுப்பு எடுத்தார். அந்த ‘ரகசியம்’ அவரே 1856இல் ஒஹையோவில் அச்சிட்ட சிறு புத்தகத்தில் இருந்தது. லண்டன் பதிப்பகம் ஒன்று அதைச் சல்லிசு விலையில் மறுபதிப்பு போட்டது. அத்தோடு ரகசியம் சந்தைக்கு வந்துவிட்டது.

ரேரியின் பெயரை நிலைநிறுத்தியது குரூஸர். டார்செஸ்டர் பிரபுவின் பந்தயக் குதிரை. கிட்டே போகிறவர்களை எல்லாம் கடிக்க வரும். இரும்புப் பட்டைகள் போட்ட கனத்த வாய்க்கூடை மாட்டி, செங்கல் கொட்டடியில் தனியாக அடைத்து வைத்திருந்தார்கள். ரேரி உள்ளே போனார். மூன்று மணி நேரத்தில் அவரும் பிரபுவும் மாறி மாறி அதன் முதுகில் ஏறிவிட்டார்கள் என்கின்றன அன்றைய பதிவுகள்.

எப்படி? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். குதிரையின் இடது முன்னங்காலை மடக்கி வாரால் கட்டிவிடுவார். மூன்று காலில் நிற்கிற குதிரையால் உதைக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அடுத்து வலது முன்னங்காலுக்கு ஒரு வார். குதிரை எழும்பும்போது அதை இழுத்தால் முழங்கால் தரையில் விழும். குதிரை போராடும், வியர்க்கும், களைக்கும், கடைசியில் படுத்துவிடும். அதற்குப் பிறகுதான் அன்பு. கழுத்தைத் தடவுவார், மெல்லப் பேசுவார், குளம்புகளுக்கு நடுவே தன் தலையை வைத்துப் படுத்துக் காட்டுவார். கூட்டம் கைதட்டும்.

முதல் தடவை படித்தபோது நானும் மனசுக்குள் கைதட்டினேன். இரண்டாம் தடவை அந்த வார் மட்டும்தான் கண்ணில் பட்டது.

ரேரியை வில்லனாக்க எனக்கு இஷ்டமில்லை. ஆயிரக்கணக்கான குதிரைகளை அடியிலிருந்து காப்பாற்றியிருப்பார். ஆனால் அவருக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிரேக்கத்தின் செனோபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில் இதைவிட நுட்பமாக ஒன்றைச் சொல்கிறார். குதிரை எதையாவது கண்டு மிரண்டால் அடித்து அதன் அருகே தள்ளாதே. வலிக்குக் காரணம் அந்தப் பொருள்தான் என்று அது நினைத்துக்கொள்ளும் என்கிறார். ஒரு படைத்தலைவர், குதிரையின் பக்கம் நின்று யோசித்திருக்கிறார்.

1967இல் அமெரிக்க உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். தப்ப வழியே இல்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு தாண்டிப்போக வழி இருந்தும் அப்படியே படுத்துக்கிடந்தன. கையாலாகாத்தனத்தை அவை ‘கற்றுக்கொண்டன’ என்றார்கள். அதே இருவரும் 2016இல் தங்கள் முடிவைத் தலைகீழாகத் திருப்பினார்கள். தொடர்ந்த வேதனையில் முடங்கிப்போவது கற்றுக்கொள்வது அல்ல, அது உடம்பின் இயல்பு. என்னால் இதை மாற்ற முடியும் என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து ‘நாங்கள் மாற்றிப் புரிந்துகொண்டோம்’ என்று எழுத ஒரு தைரியம் வேண்டும், இல்லையா?

இதே விஷயத்தை ஆய்வுக்கூடம் இல்லாமல் பிடித்தவர் டாம் டாரன்ஸ். 1910இல் பிறந்தவர், ஆரிகன் மாநிலத்துப் பண்ணைக்காரர். அவரிடம் கற்ற ரே ஹன்ட் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். இன்று ‘இயற்கைக் குதிரையேற்றம்’ என்று விற்கப்படுவதன் வேர் இவர்கள்தான். காலால் லேசாக அழுத்துகிறீர்கள். குதிரை நகர வேண்டாம், நகரலாமா என்று எடையை ஒரு பக்கம் மாற்றினாலே போதும், அந்தக் கணமே அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். குதிரை கற்பது அழுத்தத்தில் இல்லை, விடுதலையில். நான் ஏதோ செய்தேன், உலகம் மாறியது என்று அதற்குத் தெரிகிறது. அரை நொடி தாமதித்தால் பாடம் போச்சு. ‘இயற்கை’ என்ற லேபிளை நம்பி ஏமாறவும் கூடாது. வட்டத் தொழுவத்தில் குதிரையைச் சுற்றிச் சுற்றி விரட்டி, அது களைத்து அருகே வந்ததும் ‘பாருங்க, என்னைத் தேர்ந்தெடுத்துடுச்சு’ என்று காட்டுவதில் ரேரியின் வார் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

நம்ம ஊரிலும் குதிரைக்குக் குறைவில்லை. பாண்டியர் கரைக்கு அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. தலைக்கு 220 தினார், கடலில் செத்த குதிரைக்கும் சேர்த்து விலை கொடுத்தார்கள் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். ஆயிரக்கணக்கில் வாங்கினாலும் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, வியாபாரிகள் லாடக்காரர்களை வரவிடுவதும் இல்லை என்று எழுதுகிறார் மார்க்கோ போலோ. செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! அவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் குதிரையை நம்புவது பற்றி நம்மிடம் இருக்கிற பிரபலமான பழமொழி மண்குதிரையைப் பற்றியது என்பது அப்போது ஞாபகம் வந்தது. (அது மண்குதிரை இல்லை, மண்குதிர், அதாவது மணல்மேடு என்று ஒரு கட்சி உண்டு. இருக்கட்டும்.)

ரேரி குரூஸரை ஒஹையோவுக்கே கொண்டுபோனார். 1866இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்தார். குரூஸரின் பராமரிப்புக்கு உயிலில் ஏற்பாடு செய்திருந்தார். அது 1875 வரை வாழ்ந்தது. ரேரி போனபின் அதன் பழைய முரட்டுத்தனம் திரும்பிவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையாக இருக்கவேண்டும் என்று ஏனோ ஆசைப்படுகிறேன்.

கடைசி வகுப்பில் ஏறவில்லை. கயிற்றைத் தளரவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். அவள் நகரவில்லை. இருபது நிமிஷம் இருக்கும், வேலியோரப் புல் பக்கம் ஒரு காது திரும்பியது. கயிற்றை இன்னும் கொஞ்சம் விட்டேன். “சார், டைம் ஆச்சு” என்றார் பயிற்சியாளர். அஞ்சு நிமிஷம் கேட்டேன்.