அளாவு மர நெறிமுறை

அளாவு மர நெறிமுறை அல்லது ஸ்பானிங் டிரீ புரோட்டோகால் என்பது ஈதர்நெட் வலையமைப்பில் தரவு முடிவின்றிச் சுற்றிவருவதைத் தடுக்கும் நெறிமுறை ஆகும். இது எஸ்டிபி எனச் சுருக்கி அழைக்கப்படுகிறது. டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேசன் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் 1985 இல் இதனை உருவாக்கினார். 1990 இல் ஐஇஇஇ அமைப்பு இதனை 802.1டி என்னும் சீர்தரமாக வெளியிட்டது. சுவிட்சு மென்பொருள்களில் பரவலாக இடம்பெற்ற இந்நெறிமுறைக்குச் சில வரம்புகள் உள்ளன. அண்டைச் சுவிட்சிலிருந்து செய்தி வராத நிலையை ஆபத்தற்ற நிலை எனக் கொள்வது அவற்றுள் முதன்மையானது.

தேவை

ஒரு வடம் அறுந்தாலும் தொடர்பு நிலைக்க வேண்டும் என்பதற்காகச் சுவிட்சுகளுக்கு இடையே மாற்று இணைப்புகள் அமைக்கப்படுகின்றன. இதனால் வளையங்கள் உருவாகின்றன. ஐபி பொதியில் வாழ்நாளைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு திசைவியும் அதனைக் குறைக்கும், சுழியமானால் பொதி கைவிடப்படும். ஈதர்நெட் சட்டகத்தில் அத்தகைய எண் இல்லை. எனவே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பப்படும் ஒரு சட்டகம் வளையத்தில் சிக்கினால், படியெடுக்கப்பட்டுப் பெருகிக்கொண்டே போகும். இது பரப்புப் புயல் எனப்படுகிறது. சில நொடிகளில் முழு வலையமைப்பும் செயலிழக்கக்கூடும்.

இயங்கும் முறை

சுவிட்சுகள் பிபிடியு எனப்படும் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. மிகச் சிறிய அடையாள எண் கொண்ட சுவிட்சு வேர் ஆகிறது. மற்ற ஒவ்வொரு சுவிட்சும் வேருக்குச் செல்லும் செலவு குறைந்த வழியைத் தெரிவு செய்கிறது. வளையத்தை உண்டாக்கும் எஞ்சிய போர்ட்டுகள் அடைக்கப்படுகின்றன. இயல்பான கால அளவுகளாவன:

* வேர் செய்தி அனுப்பும் இடைவெளி: 2 நொடிகள்
* செய்தியின் உச்ச வயது: 20 நொடிகள்
* கேட்டல், கற்றல் ஆகிய நிலைகள்: ஒவ்வொன்றும் 15 நொடிகள்

அடைக்கப்பட்ட போர்ட்டு, செய்தி வந்துகொண்டிருக்கும் வரையே அடைபட்டிருக்கும். 20 நொடிகள் செய்தி வராவிட்டால், பழைய வழி அறுந்துவிட்டதாகக் கருதி அது திறக்கும் நடைமுறை தொடங்குகிறது.

வரம்புகளும் மாற்று வழிகளும்

ஒருவழித் தொடர்பு: ஒளியிழை இணைப்பில் ஒரு திசை மட்டும் பழுதானால், எதிர்முனை இயங்கிக்கொண்டிருந்தாலும் அதன் செய்தி வந்து சேராது. சுவிட்சின் செயலி அளவுக்கு மீறிய வேலையால் திணறும்போதும் இதுவே நிகழலாம். இவ்விரு நிலைகளிலும் அடைக்கப்பட்டிருக்க வேண்டிய போர்ட்டு திறந்து வளையம் உருவாகும். செய்தி நின்றால் போர்ட்டைத் திறக்காமல் வைத்திருக்கும் வளையக் காப்பு, ஒருவழிப் பழுதைக் கண்டறியும் யுடிஎல்டி ஆகியவை இதற்குரிய மாற்று வழிகள்.

தாமதம்: மாற்று வழி திறக்க 30 முதல் 50 நொடிகள் ஆகலாம். புதிதாக இயக்கப்படும் கணினியும் 30 நொடிகள் காத்திருக்க நேர்வதால், டிஎச்சிபி வழியாக முகவரி பெறத் தவறக்கூடும். கணினிகள் மட்டும் இணையும் போர்ட்டுகளை விளிம்புப் போர்ட்டுகளாக அமைத்தால் அவை உடனே திறக்கும். அங்கு எவரேனும் சுவிட்சை இணைத்தால் வளையம் ஏற்படலாம் என்பதால், பிபிடியு வந்தவுடன் போர்ட்டை மூடிவிடும் பிபிடியு காப்பும் உடன் அமைக்கப்படுகிறது.

வேர்த் தெரிவு: எல்லாச் சுவிட்சுகளும் இயல்பான முன்னுரிமை எண்ணான 32768 ஐக் கொண்டிருந்தால், மாக் முகவரி சிறியதாக உள்ள சுவிட்சு வேராகும். அது ஒரு மூலையில் உள்ள பழைய, வேகம் குறைந்த கருவியாகவும் இருக்கலாம். மையச் சுவிட்சுக்குச் சிறிய முன்னுரிமை எண்ணைக் கையால் இடுவதே தீர்வு.

பரப்பளவு: இயல்பான கால அளவுகள், எந்த இரு கணினிகளுக்கும் இடையே 7 சுவிட்சுகளுக்கு மேல் இல்லை என்ற கணக்கில் வகுக்கப்பட்டவை. பல மென்பொருள்கள் இவ்வெல்லை மீறப்படுவதை எச்சரிப்பதில்லை.

பயனற்ற இணைப்புகள்: அடைக்கப்பட்ட இணைப்பு, பழுது ஏற்படும் வரை எத்தரவையும் சுமப்பதில்லை. பல வடங்களை ஒன்றாகக் கருதும் இணைப்புத் தொகுப்பும், 2002 இல் வெளியான 802.1எஸ் சீர்தரமும் இக்குறையைத் தணிக்கின்றன.

பாஸ்டன் நிகழ்வு

2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இசுரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தின் வலையமைப்பு பல நாட்கள் முடங்கியது. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக விரிவாக்கப்பட்ட அவ்வலையமைப்பின் சில பகுதிகள் 7 என்னும் எல்லையைக் கடந்திருந்தன. பெருமளவு தரவு ஒரே நேரத்தில் பாய்ந்தபோது வளையங்கள் உருவாயின. மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்துச் சீட்டு, ஆய்வக முடிவு முதலியவற்றுக்குத் தாளையே நாட வேண்டியதாயிற்று. பின்னர், திசைவித்தலை அடிப்படையாகக் கொண்டு வலையமைப்பு மாற்றியமைக்கப்பட்டது. மருத்துவ மையம் இந்நிகழ்வை மறைக்காமல் வெளியிட்டதால், வலையமைப்பு வடிவமைப்பில் இது பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது.

பிந்தைய நெறிமுறைகள்

2001 இல் 802.1டபிள்யு என்னும் விரைவு அளாவு மர நெறிமுறை வெளியானது. இதில் அண்டைச் சுவிட்சுகள் தம்முள் உடன்பாடு செய்துகொண்ட பின்னரே போர்ட்டைத் திறப்பதால், நீண்ட காத்திருப்புத் தேவையில்லை. 2004 இல் திருத்தப்பட்ட 802.1டி சீர்தரம் பழைய நெறிமுறையை நீக்கி இதனை ஏற்றது. எனினும் அண்டையில் பழைய சுவிட்சு இருந்தால், அந்த இணைப்பில் பழைய முறையே பின்பற்றப்படும். பெர்ல்மன் பங்களித்த டிரில் நெறிமுறை 2011 இல் வெளியானது. சட்டகத்துக்குத் தாவல் எண்ணிக்கையை அளித்து, அடிப்படைக் குறையையே அது நீக்கியது.