கண்ணாடித் தொட்டியில் முருகை

முருகைக்கல் வெறுங் கல்லன்று. சின்னஞ்சிறு உயிரினங்கள் எழுப்பிய மாளிகை. அவற்றின் உடலினுள்ளே குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியால் உணவாக்கி அவற்றுக்கு ஊட்டுகின்றன. நீரோட்டமோ ஒட்சிசனைக் கொணர்ந்து கழிவை அகற்றுகின்றது.

இவ்விரண்டும் குன்றியமையால், வீட்டுத் தொட்டியில் முருகை வளர்த்தல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், வடிகட்டும் பொறியை நாடாது, உயிர்கள் பற்றிய கடற்கற்களைத் தொட்டியிலிட்டு, வெயிலொளி படவைத்து, காற்றுக் குமிழிகளால் நீரை அசைத்தார். முருகை உயிர் தரித்தது. 1961 ஆம் ஆண்டில் அம்முறையை அமெரிக்க இதழொன்றில் வெளியிட்டார்.

பின்வந்தோர் மின்விளக்கையும் நீரோட்டும் பொறியையும் சேர்த்தனர், நியதி மாறவில்லை. மங்கிய ஒளியில் சில இனங்கள் தட்டையாய் விரியும். விரைந்த நீரில் கிளைகள் தடித்து நெருங்கும். கடலைக் கலக்கி ஒளியை மறைப்போர், தொட்டி கற்பித்த இப்பாடத்தை மறத்தல் தகாது.