சோழபுரத்தில் ஒரு பட்டம்

போன வாரம், சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களைப் பிடிக்க வந்த கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் அக்னியூவைக் காட்டுக்குள் தவிக்க விட்டுவிட்டுப் போனேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், மனிதர் அங்கேயேதான் இருக்கிறார்.

சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போட ஒரு மாதம் முயன்றார். மரம் சாய்ந்தது. ஆட்களும் சாய்ந்தார்கள். மருதிருவர் மட்டும் கிடைக்கவில்லை. 1801 செப்டம்பர் பிறந்தபோது கும்பினிப் படை பின்வாங்கியது.

பீரங்கிக்கு மசியாதவர்களை வேறு எதைக் கொண்டு மசிய வைப்பது?

மருதிருவரிடம் வீரம் இருந்தது, செல்வாக்கு இருந்தது. அரச ரத்தம் மட்டும் இல்லை! சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் தளபதிகளாக இருந்து உயர்ந்தவர்கள். பெயருக்கு ராஜா வேங்கன் பெரிய உடையத் தேவர். ஆக, 'உண்மையான வாரிசு இவர்தான்' என்று வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால்?

ஒருவர் இருந்தார். படமாத்தூர் கௌரிவல்லபர். மருதிருவரோடு ஒத்துப்போகாமல் அறந்தாங்கிப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தவர்.

அழைத்து வந்தார்கள். சோழபுரத்தில் பட்டம் கட்டினார்கள்.

முன்னோர் சீமை கைக்கு வருகிறது என்று பூரித்தாரா? வெள்ளைக்காரன் கையால் வாங்குகிறோமே என்று கூசினாரா? 'துரோகி' என்ற ஒற்றைச் சொல்லில் அவரைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மருதிருவரோடு அவருக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு இருந்தது. அக்னியூவுக்கும் அதுதான் தேவைப்பட்டது.

காட்டுக்குள் செய்தி பரவியது. ராஜ விசுவாசமா, மருது விசுவாசமா? ஆட்கள் அணி மாறினார்கள்.

அக்டோபர் முதல் நாள் காளையார்கோவில் விழுந்தது. அதே மாதம் 24-ல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். (வேறொரு திருப்பத்தூரும் உண்டு. இது சிவகங்கைச் சீமையில் இருப்பது.)

1803-ல் கௌரிவல்லபருக்கு நிரந்தர ஜமீன் சன்னது (உரிமைப் பட்டயம்) கிடைத்தது. ராஜா என்ற மரியாதை உண்டு, படை கிடையாது. கும்பினிக்குத் தவறாமல் பேஷ்குஷ் (கப்பம்) கட்ட வேண்டும்.

1829-ல் அவர் இறந்தார். ஆண் வாரிசு இல்லை.

அவருடைய அண்ணன் வம்சம் எழுந்தது: "இது குடும்பச் சொத்து!"

மனைவிகளும் மகளும் விடவில்லை: "அவரே சம்பாதித்தது!"

மகள் காத்தம நாச்சியாரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கே நீதிபதிகள் தோண்டி எடுத்தது எதை என்கிறீர்கள்? 1801-ஐத்தான். அன்று கும்பினி கௌரிவல்லபருக்குத் திருப்பிக் கொடுத்தது பழைய பரம்பரைச் சொத்தையா? புதிதாக வழங்கிய கொடையையா? ஜமீன் மகளுக்கா, அண்ணன் வம்சத்துக்கா என்பதைத் தீர்மானிக்க இந்தக் கேள்வியும் முக்கியமாக இருந்தது.

1863. தீர்ப்பு நாள்.

(அடுத்த வாரம்)