கிஃப்ட் என்றால் என்ன? ஒரு பழைய கடன்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒருவரிடம் நான் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

முப்பது வருடங்களுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம். கரும்பலகையில் 'கிஃப்ட்' என்று எழுதி, 'பரிசு' என்று பொருள் சொன்னேன். இரண்டாம் வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், ஜெர்மன்காரங்களுக்கு கிஃப்ட்னா விஷமாம். கப்பல்ல வேலை பார்க்கிற எங்க மாமா சொன்னாங்க" என்றான். நான் சிரித்துவிட்டேன். "உங்க மாமா உன்னை நல்லா ஏமாத்தியிருக்கார், உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் அவனை 'விஷம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.

போன வருடம் ஜெர்மனியில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். தோட்டத்துக் கொட்டகையில் ஒரு டப்பா. மேலே மண்டை ஓட்டுப் படம், கீழே அதே நான்கு எழுத்து. கையில் எடுக்கப் போனேன். "பாட்டி, தொடாதீங்க, அது எலி விஷம்!" என்று பேத்தி கத்தினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பையனின் முகம்தான் கண்முன் வந்தது.

அன்று முதல் மகனுடைய அகராதிகளைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ், டேனிஷ் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய்மொழியில் 'கொடு' என்ற வினையிலிருந்து பிறந்தது இந்தச் சொல். 'கொடுத்தல்', 'கொடுக்கப்பட்டது', அவ்வளவுதான் பொருள். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபோது ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வடக்கே சுவீடன், டென்மார்க், நார்வே நாடுகளில் 'கொடுத்தல்' என்பது பெண் கொடுத்தலைக் குறித்தது. நாமும் "மூத்தவளை மதுரையில் கொடுத்திருக்கிறோம்" என்றுதானே சொல்கிறோம்? அதே கணக்கு. இன்று அங்கே 'கிஃப்ட்' என்றால் 'திருமணம் ஆனவர்'. முதலில் கொடுக்கப்பட்ட பெண்ணை மட்டும் குறித்த சொல், இப்போது ஆணுக்கும் பொருந்தும். சுவீடன்காரர்கள் இதை 'யிஃப்ட்' என்று உச்சரிப்பார்கள்.

பழைய ஆங்கிலத்திலும் இது கல்யாண வீட்டுச் சொல்தான். பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பொருளுக்கும், கல்யாணத்துக்கும் அந்தப் பெயர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் அரசர் ஐனி போட்ட சட்டத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது. எட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வைக்கிங்குகள் கடல் கடந்து வந்து தாக்கினார்கள், பிறகு அங்கேயே குடியேறினார்கள். அவர்கள் பேச்சின் தாக்கத்தால்தான் இன்றைய 'கி' ஒலியும், 'பரிசு' என்ற பொதுப் பொருளும் ஆங்கிலத்தில் நிலைத்தன.

சரி, ஜெர்மனியில் இது எப்படி விஷமானது? அதற்குக் கிரேக்க மருத்துவர்களிடம் போக வேண்டும். நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவை அவர்கள் 'டோசிஸ்' என்றார்கள். அதற்கும் 'கொடுத்தல்' என்றுதான் பொருள். நாம் சொல்லும் 'டோஸ்' அதுதான். (என்னிடம் 'டோஸ்' வாங்காத மாணவர் யாராவது உண்டா?) இந்தச் சொல் லத்தீன் வழியாக ஜெர்மானியரிடம் போனபோது, அதை அப்படியே தங்கள் சொல்லால் 'கிஃப்ட்' என்று பெயர்த்துக்கொண்டார்கள். விஷம் என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்கியவர்கள், 'கொடுத்தது' என்று பூசி மெழுகினார்கள். நாளடைவில் பூச்சு போய் விஷம் மட்டும் நின்றது. அதே பொருள் வணிகர்களோடு வடக்கேயும் போனது. அதனால் சுவீடிஷ் மொழியில் ஒரே எழுத்துக்கூட்டலில் கல்யாணமும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது. இதைச் சொல்லி அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

டச்சுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நன்கொடைக்கு 'கிஃப்ட்', விஷத்துக்குக் கடைசி எழுத்தை விட்டு 'கிஃப்' என்று பிரித்துவிட்டார்கள்.

நம் ஊரிலும் "மருந்தைக் குடிச்சிட்டான்" என்றால் வயிறு கலங்குகிறது அல்லவா? அங்கே மருந்து என்பது பூச்சிமருந்து. 'இடுமருந்து' என்ற சொல்லில் 'இடு' என்பதும் கொடுப்பதுதான். 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற மருத்துவர், ஒரு பொருளை விஷமாக்குவது அதன் அளவுதான் என்று எழுதினார். அவர் எழுதியதும் ஜெர்மன் மொழியில்தான்.

ஜெர்மனில் பழைய பொருள் முழுவதும் சாகவில்லை. 'மிட்கிஃப்ட்' என்று ஒரு சொல் இன்றும் உண்டு. 'கூடக் கொடுத்தது' என்று பொருள். பெண்ணோடு சேர்த்துக் கொடுத்தனுப்பும் சீதனம்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த நாட்டில், நான் பாடம் சொல்லிக்கொடுத்த பெண்பிள்ளைகள் சிலருக்குக் கொடுத்தனுப்பிய சீதனமே விஷமாக முடிந்ததைப் பார்த்தவள் நான்.

இனி அந்தப் பையனுக்கு.

தம்பி, நீ சொன்னதுதான் சரி. உன் மாமா உன்னை ஏமாற்றவில்லை. எனக்குத் தெரியாததை 'தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்ல எனக்கு அன்று மனம் வரவில்லை. நீ எனக்குக் கொண்டுவந்தது பரிசு. நான் திருப்பிக் கொடுத்தது மற்றது. உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதைப் படித்தால் உனக்கே தெரியும். இந்த டீச்சரை மன்னித்துவிடு. மாமா இருந்தால் அவரிடமும் சொல்.

அன்று சிரித்த மற்ற பிள்ளைகளே, அவனை எங்கேயாவது பார்த்தால் இனி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்