பூட்டே இல்லாத கடையை எப்படித் திறப்பது?

1917ஆம் ஆண்டின் பிற்பகுதி. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அண்ணல் அம்பேத்கர், பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டு, தங்க இடமில்லாமல் பம்பாய்க்குத் திரும்புகிறார். இந்தக் கதை நமக்கெல்லாம் தெரியும். கூட்டங்களில் நூறு முறை சொல்லியிருப்போம். அதற்கடுத்து நடந்ததைத்தான் அதிகம் சொல்வதில்லை. பம்பாயில் பிழைப்புக்காக அவர் டியூஷன் எடுத்தார், கணக்கு எழுதினார். பங்குகளில் முதலீடு செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் சிறு நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். பொருளாதாரத்தில் அவரளவுக்குப் படித்தவர்கள் அன்றைய பம்பாயில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனாலும் ஆலோசனை சொல்கிறவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தொழில் படுத்தது. பிறகு 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது.

அதே 1918இல்தான் பம்பாயை இன்ஃபுளுவென்சா காய்ச்சல் சூறையாடியது. அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் 768 பேர் செத்தார்கள். யார் யார் செத்தார்கள் என்பதையும் அன்றைய நிர்வாகம் பிரித்து எழுதி வைத்திருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர்களில் 8.3. சாதி இந்துக்களில் 18.9. முஸ்லிம்களில் 19.2. தாழ்த்தப்பட்ட சாதியினரில் 61.6. ஒரே ஊர், ஒரே காய்ச்சல்.

இந்த இரண்டையும் நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்பேத்கரின் தொழிலை மூடியது கொள்ளைநோய் இல்லை. நோய் வருவதற்கு முன்பே மூடிய கதவு அது. கொரோனா காலத்தில் 'மீண்டும் திறப்பு', 'சிறு வணிகர்களுக்கு உதவி' என்று நாளெல்லாம் தொலைக்காட்சியில் கேட்டோமே, அந்த நாட்களின் வரலாற்றை நம் பக்கத்திலிருந்து எழுத வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏற்கெனவே திறந்திருந்த கடையைத்தான் அரசு 'மூடியது' என்று கணக்கில் எடுத்தது. கணக்கில் எடுத்த கடைக்குத்தான் உதவியும் வந்தது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மாநில அரசுகள் கையில் எடுத்த சட்டங்களில் ஒன்று, 1897இல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரர் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். நாலே பிரிவுகள் கொண்ட சின்னச் சட்டம். தடுக்கலாம், சோதிக்கலாம், மீறினால் தண்டிக்கலாம் என்று இருக்கும். தடுக்கப்பட்டவன் எதைத் தின்பான் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. 123 வருடமாக யாருக்கும் அந்த வரி தேவைப்படவில்லை.

ஊரடங்கு எல்லோரையும் சமமாக அடித்தது என்றுதான் அப்போது பேசினார்கள். அஸ்வினி தேஷ்பாண்டே, ராஜேஷ் ராமச்சந்திரன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2019 டிசம்பரில் மேல்சாதியினரில் 39 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள், 2020 ஏப்ரலில் அது 32 ஆனது. பட்டியல் சாதியினரில் 44 சதவீதம் பேர் வேலையில் இருந்தது 24 ஆனது. அங்கே 7 புள்ளி, இங்கே 20 புள்ளி. வேலைக்குப் போனவர்களின் விகிதம் நம்மிடம்தான் அதிகம் என்பதையும் கவனியுங்கள், 'உழைக்காமல் சலுகையில் வாழ்கிறார்கள்' என்று சொல்கிறவர்களுக்குக் காட்ட உதவும்.

இப்போது உதவிக்கு வருவோம். 2020 மே 13 அன்று ஒன்றிய நிதியமைச்சர் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தார். அடமானம் வேண்டாம், அரசே ஜாமீன் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. விதியைப் படித்தால்தான் விஷயம் புரியும். 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு எவ்வளவு கடன் நிலுவை இருக்கிறதோ, அதில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 25 கோடி நிலுவை வைத்திருந்தவருக்கு 5 கோடி. 5 லட்சம் வைத்திருந்தவருக்கு 1 லட்சம். வங்கி வாசலையே மிதிக்காமல், தண்டல்காரரிடம் வாங்கித் தொழில் செய்தவருக்கு? பூஜ்ஜியத்தில் 20 சதவீதம் பூஜ்ஜியம்.

ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று அறிவித்த தவணை ஒத்திவைப்பும் அப்படித்தான். அது வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் கடன் வைத்திருந்தவர்களுக்கு. தண்டலுக்கு ஒத்திவைப்பு கிடையாது. முத்ரா திட்டத்தின் 'சிசு' கடனுக்கு 2 சதவீத வட்டிச் சலுகை கொடுத்தார்கள். அதுவும் ஏற்கெனவே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி வந்தவர்களுக்கு.

பட்டியல் சாதியினருக்கென்றே ஒரு கடன் திட்டம் இருந்ததே என்று கேட்பீர்கள். 2016இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா. 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது, பெண் ஒருவருக்காவது கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே காலனி முனையில் இட்லிக் கடை வைத்து, ஊரடங்கில் மூடிய அக்காவுக்கு அதில் இடமில்லை. அவர் புது முதலாளியும் இல்லை, பழைய கடன்காரரும் இல்லை. இரண்டு திட்டங்களுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில்தான் நம் ஆட்கள் பெரும்பாலோர் நின்றார்கள்.

ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி தனியார் உடைமையாக நடக்கும் நிறுவனங்களில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தவை 11.4 சதவீதம். மக்கள்தொகையில் நாம் 16.6 சதவீதம். அந்த 11.4இலும் ஆள் வைத்து நடத்துபவை எத்தனை, ஒருவரே உட்கார்ந்து நடத்துபவை எத்தனை என்று நம் தெருவைப் பார்த்தாலே தெரியும்.

அப்படி உட்கார்ந்து பிழைப்பவர்களுக்காக 2020 ஜூன் 1 அன்று பிரதமர் ஸ்வநிதி வந்தது. நகரத்துத் தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன், 7 சதவீத வட்டி மானியம். இதற்குத்தான் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தோம். பேருந்து நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் செருப்புத் தைத்த பெரியவர் ஒருவர் வந்தார். விண்ணப்பத்தில் 'கடையின் இடம்' என்று இருந்ததைப் படித்து, "தாத்தா, உங்க கடை எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"நான் எங்க தம்பி கடை வச்சேன். குந்திக்கினு இருந்தேன், அவ்ளோதான்."

முப்பது வருட உழைப்புக்கு அவரே வைத்திருந்த பெயர் அது. நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். மார்ச் 24க்கு முன்பு அங்கே தொழில் செய்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அடையாள அட்டை இல்லை, கணக்கெடுப்பு நடந்த அன்று அவர் காய்ச்சலில் படுத்திருந்தாராம். தினமும் தரைக்காசு வாங்கிப் போனவர் ஒருநாளும் ரசீது கொடுத்ததில்லை. பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, குத்தூசியும் நூலுண்டையும் இருந்த பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். எழுத்தர் பையைக் கீழே எடுக்கச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, திட்டவும் இல்லை. எடுக்கச் சொன்னார், பிறகு மேசையைத் துடைத்தார்.

அன்று இரவு திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையை உட்கார்ந்து முழுதாகப் படித்தோம். ஆதாரம் எதுவும் இல்லாதவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால், உள்ளாட்சி அமைப்பு நேரில் விசாரித்துப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம் என்று அதிலேயே இருந்தது. பக்கத்துப் பழக்கடைக்காரர், இரண்டு ஆட்டோ ஓட்டுநர்கள் கையெழுத்துடன் மறுநாள் கொடுத்தோம். கடிதம் வந்தது. விதியைப் படிக்க ஒரு பட்டதாரி பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பணம் கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை தண்டலை அடைத்தது. மிச்சத்தில் தோலும் பசையும் வாங்கினார்.

கடைகள் எந்த வரிசையில் திறந்தன என்பதும் வரலாறுதான். தமிழ்நாட்டில் மே 7 அன்று, சென்னை நீங்கலாக, டாஸ்மாக் திறந்தது. உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் 15ஆம் தேதி அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. அரசுக்கு வருமானம் வரும் கடைக்காக டெல்லிவரை போக அரசால் முடிந்தது. மே 11இலிருந்து 34 வகைக் கடைகளுக்கு அனுமதி. முடிதிருத்தும் கடை அந்தப் பட்டியலில் இல்லை. கிராமங்களில் மே 19இல் அனுமதித்து, சென்னைக்கு ஜூன் 1வரை காக்க வைத்தார்கள். திறந்தபோது வாடிக்கையாளரின் ஆதார் எண்ணை எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். நிவாரணம் முதலில் நலவாரிய அட்டை வைத்திருந்த முடிதிருத்துவோருக்கு மட்டும் போனது. பிறகு அட்டை இல்லாதவர்களுக்கும் 2,000 ரூபாய் என்று நீட்டினார்கள். ஆக, அட்டை இல்லாதவரையும் தேடிக் கொடுக்க அரசுக்கு வழி தெரியும். கேட்க ஆளிருந்தால் செய்கிறது.

கோயம்பேடு சந்தை மே 5 அன்று மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. செப்டம்பர் கடைசியில் திரும்பத் திறந்தபோது முதலில் பெரிய மொத்தக் கடைகள், சிறு கடைகள் பிறகுதான். மெரினா டிசம்பர் 14வரை பூட்டியே கிடந்தது. அந்த இடைவெளியில் கடற்கரைக் கடைகளை 'ஒழுங்குபடுத்தும்' வேலை நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்தது. ஒரே மாதிரியான 900 வண்டிகள், குலுக்கல் முறை. அதில் ஏற்கெனவே அங்கே கடை போட்டிருந்தவர்களுக்கு 60 சதவீதம், அதாவது 540. சுண்டலும் மாங்காயும் விற்ற மணலில் தங்களுக்கு இடம் உண்டா என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்கவேண்டிய நிலை அவர்களுக்கு. ஒன்றைத் திறக்கும்போதுதான் யாரை வெளியே நிறுத்துவது என்பதும் முடிவாகிறது.

இந்தத் திறப்புக்கெல்லாம் முன்னால் தெருவில் பிளீச்சிங் பவுடர் போட்டது யார்? கிருமிநாசினி அடித்தது யார்? அவர்களுக்கு ஊரடங்கே கிடையாது. கை தட்டினார்கள், சில ஊர்களில் பூ தூவினார்கள், பாத பூஜை செய்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்குங்கள் என்ற கோரிக்கை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

நம்முடைய சிறுத்தைகள் 1972இல் யாரைப் பார்த்துத் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்களோ, அந்தக் கறுப்பின மக்களுக்கும் 2020இல் இதேதான் நடந்தது. அமெரிக்காவில் சிறு தொழில்களுக்கான ஊதியப் பாதுகாப்புக் கடன் ஏப்ரல் 3 அன்று தொடங்கியது. முதல் தவணை 34,900 கோடி டாலர் பதின்மூன்றே நாளில் தீர்ந்தது. வங்கி வழியாகக் கொடுத்ததால், வங்கியோடு பழக்கம் உள்ளவர்கள் முதலில் போனார்கள். ஆள் வைக்காமல் தனியாகத் தொழில் செய்பவர்களுக்கு விண்ணப்பிக்கவே ஒரு வாரம் தாமதமாகத்தான் கதவு திறந்தது. கறுப்பினத் தொழில்முனைவோரில் பெரும்பாலோர் அந்த வகைதான். பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் தொழில் நடத்திக்கொண்டிருந்த வெள்ளையர் எண்ணிக்கை 17 சதவீதம் குறைந்தது, கறுப்பினத்தவர் எண்ணிக்கை 41 சதவீதம் குறைந்தது. ராபர்ட் ஃபேர்லி என்ற பொருளாதாரப் பேராசிரியர் இந்தக் கணக்கை ஓரிரு மாதத்திலேயே வெளியிட்டார். அங்கே மாதாமாதம் நடக்கும் கணக்கெடுப்பில் இனத்தையும் கேட்கிறார்கள், அதனால் முடிந்தது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். அடுத்த தவணைகளில் சமூக நிதி நிறுவனங்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 24இலிருந்து 14 நாட்களுக்கு, 20 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று வரிசையையே மாற்றினார்கள். வரிசை இயற்கையாக அமைவதில்லை தோழர்களே, யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

இங்கே 2023இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலீட்டில் 35 சதவீதம் மானியம், ஒன்றரைக் கோடி வரை, கூடவே 6 சதவீத வட்டி மானியம். புதுத் தொழிலுக்கு மட்டுமென்று இல்லாமல் இருக்கும் தொழிலை விரிவாக்கவும் கேட்கலாம் என்பது இதில் நல்ல விஷயம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம், உங்களில் யாராவது இதைச் செய்து கொடுக்க முன்வந்தால் நல்லது. ஆனால் குந்திக்கொண்டு தொழில் செய்கிறவர் அந்த மேசைவரை போய்ச் சேரமாட்டார்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை இப்போது இடித்துப் புதிதாகக் கட்டித் திறந்துவிட்டார்கள். வழவழவென்று தரை, கண்ணாடிக் கதவு போட்ட கடைகள். பெரியவர் வாசலுக்கு வெளியே, சாக்கடை ஓரம் உட்கார்ந்திருக்கிறார். பரிந்துரைக் கடிதத்தை லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறார். அதில் எழுதியிருக்கும் இடம் இன்று இல்லை. தெரு வியாபாரிகள் சட்டம் 2014, பிரிவு 3, உட்பிரிவு 3: கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதைக் குறிப்பிட்டு மனு எழுதியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். பழக்கடைக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவரும் இப்போது வெளியேதான்.